மூன்று மரியாக்களும் ஒரு நிமிஷக்காரரும்

ஒரு நிமிஷக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எது எத்தனை என்று கம்ப்யூட்டரில் பட்டை பட்டையாகப் படம் போட்டு நாலு பேருக்குக் காட்டுவார்கள். பட்டைக்குக் கீழே இருக்கிற பெயர் பாதியில் அறுந்து, மூன்று புள்ளியோடு நிற்கும். அவ்வளவுதான், இவருக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்துவிடும். கூட்டம் காத்திருக்கட்டும், சோறு ஆறட்டும், கூரையே பற்றி எரியட்டும். "ஒரு நிமிஷம்" என்பார். உங்கள் பொழுது போயிற்று.

எங்கள் ஊர் நகராட்சியில் வேலை பார்க்கும் உர்பானோ இந்த இனத்தில் அசல். நல்ல பிள்ளை. பெரியவர்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவான். அதனால்தான் இத்தனை நாள் ஊர் அவனை விட்டுவைத்திருக்கிறது.

இந்த வருஷத் திருவிழாவில் கிரீடம் வைத்து ஊர்வலம் போகும் ராணி யார் என்று ஊரே ஓட்டுச் சீட்டுப் போட்டது. சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் உர்பானோ. கூட்டிப் படம் போட்டது மெஷின். மாதா கோயில் சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி, பொழுது சாய்ந்ததும் காட்டினான். மூன்று பட்டைகள். ஒன்று நெட்டை. அதன் கீழே "மரியா டெ லாஸ்…". பக்கத்தில் "மரியா டெ லாஸ்…". அதற்கும் பக்கத்தில்? கேட்பானேன்!

பெண் பிறந்தால் மாதா பெயரைத்தானே வைப்போம்? போட்டியில் நின்றவர்கள் மரியா டெ லாஸ் மெர்செதெஸ், மரியா டெ லாஸ் நியேவெஸ், மரியா டெ லாஸ் அங்குஸ்தியாஸ். கடைசிப் பெயர்க்காரி என் தங்கையின் பேத்தி. நெட்டைப் பட்டை எங்களுடையதுதான் என்று நான் எழுந்து கை தட்டினேன். மற்ற இரண்டு வீட்டாரும் எழுந்து தட்டினார்கள். நியேவெஸ் வீட்டில் வெடியே கொளுத்திவிட்டார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றான் உர்பானோ.

படத்தை அகலமாக இழுத்தான். பட்டைகள் விரிப்பைத் தாண்டி மாமரத்தில் ஏறின. பெயர் அறுந்த இடத்திலேயே நின்றது. எழுத்தைச் சாய்த்தான், ஊரே கழுத்தைச் சாய்த்தது. சின்னதாக்கினான், எறும்பு ஊர்ந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. அன்றைக்குப் பள்ளிக்கூட வாத்தியாரும் என்னைப் போலவே விழித்துக்கொண்டிருந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

மேடையில் மூன்று பெண்களும் உயரச் செருப்பில் கால் மாற்றி மாற்றி நிற்கிறார்கள், கண் மை கன்னத்துக்கு இறங்குகிறது, பூ ஜோடித்த லாரி ஹாரன் அடிக்கிறது, கிரீடம் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்தபாடில்லை.

முதலில் பொறுமை போனது அவன் அம்மா பெத்ரோனிலாவுக்கு.

"டேய், வாய் எதுக்குடா இருக்கு, வறுத்த வாழக்கா திங்க மட்டுமா? ஜெயிச்சவ யாருன்னு வாயால சொல்லித் தொலையேன்!"

"வாயால சொன்னா யாரும்மா நம்புவா? படத்துல வரணும்." தலையைச் சொறிந்தான். "மூணு பேருலயும் மரியா இருக்கு. அத வெட்டிட்டா எடம் கெடைச்சிரும்."

பாதிரியார் எழுந்தார். "யார வெட்டப் போற?"

"எழுத்தத்தான் சாமி…"

"திருநாள் அதுவுமா, மாதா கோயில் செவுத்துல வச்சு, மாதாவையே வெட்டுவியா?"

"சும்மா கேட்டேன் சாமி."

கடைசியில் ஒன்று தோன்றியது. நின்ற பட்டைகளைப் படுக்கப் போட்டான். அடடா! இடது பக்கம் விசாலமாக இடம் விழுந்தது. பெயர்கள் காலை நீட்டி உட்கார்ந்தன.

"வந்துருச்சு!" என்று கத்தினான்.

கரண்ட் போயிற்று.

எங்கள் ஊர் கரண்டுக்கு அது வழக்கம்தான். இருட்டிலேயே மூன்று வீட்டாரும் நீளப் பட்டையில் எங்கள் பெண்ணின் பெயரைக் கண்ணால் படித்தோம் என்று சத்தியம் செய்தோம். நானும் செய்தேன்.

"இப்பவாவது சொல்லுடா," என்றாள் பெத்ரோனிலா. "பக்கத்துலயே நின்னியே. நீளப் பட்டை யாருது?"



"நான் பேரத்தாம்மா பாத்துட்டிருந்தேன். பட்டையப் பாக்கலையே."

மேடையில் மெர்செதெஸ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். "வாங்கடி, காலு செத்துப்போச்சு. இவன நம்பினா கெழவியாத்தான் கிரீடம் வைக்கணும்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூவரும் லாரியில் ஏறிவிட்டார்கள். தெருவுக்கு ஒருத்தியாகக் கிரீடத்தை மாற்றி வைத்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அங்குஸ்தியாஸ் தலைக்குத்தான் அது பொருந்தியது. யார் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மெஷின் முடிவா? கரண்ட் மறுநாளே வந்துவிட்டது. பட்டைகளுக்கு நிறம் சரியாக அமையவில்லையாம். உர்பானோ ஒரு நிமிஷம் கேட்டிருக்கிறான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: யார் ராணி என்பதை விட்டுவிட்டு, பட்டையைப் படுக்கப் போட்டால் பெயர் முழுசாக வருமா, நம் கம்ப்யூட்டரிலும் செய்து பார்க்கலாமே என்று மனதுக்குள் குறித்துக்கொண்டீர்களா இல்லையா? வாருங்கள். உர்பானோவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.