வாடிய பரங்கியும் வாசல் புல்லும்

உயிரே போனாலும் புல்தரையை விட்டுக்கொடுப்பதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்துவிட்டார்.

தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பவர் சொல்லி அனுப்புகிறவர் அவர். வீட்டில்தான் பவர் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இஷ்டப்படி நடந்தது வாசலில் இருந்த அந்தப் புல்தரை ஒன்றுதான். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து, வெறுங்காலோடு அதில் நாலு நடை நடந்தால் தன்னை ஒரு சிற்றரசராகவே நினைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் வாளி தரை தட்டியது.

"வீட்டுக்கே தண்ணி இழுபறி. நீங்க புல்லுக்கு ஃபுல்லா ஊத்திட்டிருக்கீங்க" என்றாள் மனைவி. "அத எடுத்துட்டு பரங்கி போடலாம். மேல சருகு பரப்பிட்டா ஈரம் காயாது. காய் கழுவுற தண்ணியே போதும்."

"வாசல்ல குப்பை கொட்டச் சொல்றியா?"

"சரி, எனக்கு அந்த மூலைய மட்டும் குடுங்க. கோடை முடியறப்ப எது பச்சையா நிக்குதோ, வாசல் முழுக்க அதுக்கு."

"என் புல்லுக்குத் தண்ணி?"

"தினம் ரெண்டு வாளி. அதுக்கு மேல கேக்கக்கூடாது."

அவர் ஒத்துக்கொண்டார். அவள் தெருமரங்களின் சருகையெல்லாம் கூட்டிச் சாக்கில் இழுத்து வந்து மெத்தை மாதிரி பரப்பினாள். பரங்கி கிடுகிடுவென்று ஓடியது. புல்லுக்கோ மஞ்சள் காமாலை.

அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, சருகு முழுவதையும் கூட்டி அள்ளிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்.

ஈரத் தலையோடு வந்தவள் மொட்டை மண்ணைப் பார்த்தாள்.

"காத்துல போயிடுச்சு போல" என்றார், கையில் துடைப்பத்தோடு.

"ம்" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய் அவருக்குக் காபி கலந்தாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த "ம்" கடை வரைக்கும் கூடவே வந்தது. மத்தியானம் சாப்பிட வந்தபோது பரங்கி இலைகள் மடக்கிய குடை போலத் தொங்கிக்கொண்டிருந்தன. வாயில்லாத ஜீவனைக் கொன்றுவிட்டோமே என்று பதறிப்போனார். மனைவி உள்ளே கண்ணயர்ந்திருந்தாள். புல்லுக்கு வைத்திருந்த இரண்டு வாளியையும் சத்தமில்லாமல் பரங்கிக்கு ஊற்றிவிட்டுக் கடைக்குப் போனார்.

சாயங்காலம் வந்து பார்த்தால் அத்தனை இலையும் நிமிர்ந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மத்தியானமும் வாடல். மறுபடி இரண்டு வாளி. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு வாளியாவது புல்லுக்கு ஊற்றலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வருவார். அந்தத் தொங்கின முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்காது. கடைப் பக்கத்து மரத்தடியில் சருகு அள்ளி, "வழியில கிடந்துச்சு" என்று சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து பரப்பினார். புல் மஞ்சளாகி, வைக்கோலாகி, கடைசியில் காலை வைத்தால் நொறுங்கியது. அன்றைக்கு அவர் செருப்பைக் கழற்றவில்லை.

கோடை முடிந்தது. பரங்கி ஒவ்வொன்றும் தலையணை அளவில் படுத்திருந்தது.

"தோத்தது தோத்ததுதான்" என்றார் அவர். "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. உன் பரங்கி என்னிக்கோ செத்திருக்கும். தினம் மத்தியானம் என் புல்லோட தண்ணிய ஊத்தி எழுப்பி விட்டவன் நான்."

"பாத்தேனே, ஜன்னல் வழியா" என்றாள் அவள். "பரங்கி இலை உச்சி வெயில்ல அப்படித்தாங்க துவளும். வெயில் இறங்கினா தானா நிமிர்ந்துக்கும். தண்ணி ஊத்தினாலும் சரி, ஊத்தாட்டியும் சரி."

அவர் குனிந்து, வைக்கோலாகிப் போன தன் புல்லில் ஒரு பிடி அள்ளினார்.

"இத முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் எழுந்தேன். நீங்க அவ்வளவு பாசமா ஊத்திட்டிருந்தீங்க, கெடுக்க மனசு வரல" என்றாள் அவள். "இனிமே வாசல் முழுக்கப் பரங்கிதான். மத்தியானம் கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க."