கேமரா ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு

தயாராகாமல் போய் மானத்தைத் தொலைத்தவர்கள் ஊரில் நிறைய. நான் ஒரு வாரம் தயாராகிப் போய்த் தொலைத்தவள்.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. நாங்கள் அனுப்பிய வால்வுகளைப் புனே வாடிக்கையாளர் ஒரு லோடாகத் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே தப்பு, இனி எப்படி நடக்காது என்று ஆன்லைனில் விளக்க வேண்டும். சொதப்பினால் ஆர்டர் போய்விடும். மேனேஜர் ரங்கநாதன் சார் அதை என் தலையில் கட்டினார். (அன்று அவருக்கு என்ன கிரகமோ!)

பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு நெட், மேகத்தைப் பார்த்தாலே படுத்துவிடும். அதனால் முகப்பேரில் என் தம்பி சதீஷ் வீட்டுக்குப் போனேன். வீடியோ காலிலேயே வாட்டர் பியூரிஃபையர் விற்கிற கில்லாடி.

"மூஞ்சிங்களப் பாக்காதக்கா, பயந்துடுவ. கேமராவ மட்டும் பாரு" என்று, அதன் ஓரத்தில் தன் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினான். என் போனை சைலன்ட்டில் போட்டு சமையலறையில் வைத்தான். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அடியில் எனக்கான குறிப்புகளையும் அடித்துக் கொடுத்தான்.

"இது உனுக்கு மட்டுந்தான் தெரியும். வேற எவன் கண்ணுலயும் படாது."

காலை பதினொரு மணி. புனேயில் நால்வர், எங்கள் பக்கம் சார். ஸ்லைடை மட்டும் காட்டுவதற்குப் பதில் முழுத் திரையையும் காட்டிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. பொட்டைப் பார்த்து முழங்கினேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. (மயங்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.)

ஐந்தாவது ஸ்லைடில் சாரின் குரல் கேட்டது.

"கௌரி, கொஞ்சம் நில்லும்மா. நான் கொட்டாவி விட்டுடறேன்."

கண்ணைக் கீழே இறக்கினேன். ஸ்லைடுக்கு அடியில், ஊரே படிக்கும்படி:

"இந்த எடத்துல பெருசு கொட்டாவி உடும். கண்டுக்காத, பேசிகினே போ."

(சார் மீட்டிங்கில் கொட்டாவி விடுவார் என்று சதீஷிடம் உளறியது நான்தான்.)

நிறுத்தப் போய், அவசரத்தில் அடுத்த ஸ்லைடைத் தட்டிவிட்டேன். அதில்:

"கேள்வி கேட்டா தண்ணி குடி. அதுக்குள்ள மறந்துடுவானுங்க."

புனேக்காரர் ஒருவர், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்தார். சார் ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். 'பெருசு' வந்தபோது மட்டும் சற்று யோசித்து, "அது நான்தான்" என்றார்.

நாலு பேரும் மைக்கை அணைத்துவிட்டுக் குலுங்கினார்கள். பிறகு கேள்விகள் வந்தன. தொண்டை வறண்டிருந்தது, ஆனாலும் தண்ணீர் பாட்டிலைத் தொடத் துணிவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஆர்டர் பிழைத்தது.

என் மகள் காதுகுத்துக்கு சார் வந்தார். வந்ததும் முதல் கேள்வி: "யாரும்மா அதை எழுதினது?"

பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவனைக் காட்டிக்கொடுத்தேன். சார் அவன் தோளில் கை போட்டார்.

"அடுத்த மாசம் ரிடையர் ஆகறேன், தம்பி. மேடையில பேசணும். நீதான் எழுதிக் குடுக்கணும்."

எழுதிக் கொடுத்தான். அன்றிலிருந்து சார் எங்கள் குடும்பத்தில் ஒருவர். இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷமென்றால் சதீஷ் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று ரகசியமாகக் கேட்பான்:

"அக்கா, பெருசு உள்ள கீதா?"

உள்ளேயிருந்து சாரே பதில் சொல்வார்:

"கீது, வா!"