பிஸ்கட் டப்பாவுக்குள் கத்திய போன்

பெருமதிப்பிற்குரிய தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

தங்கள் அலுவலகத்தில் போன்களுக்குள் என்னவோ செய்யும் என் மருமகளின் மாமனார், அதாவது நான், எழுதிக்கொள்வது. இங்கே ஒரு போனைத் தவிர அனைவரும் நலம். தங்கள் நலத்தை முதலில் விசாரிப்பதுதான் முறை. ஆனால் இதைப் படித்து முடித்த பிறகு உங்கள் ரத்த அழுத்தம் என்ன நிலையில் இருக்கும் என்று தெரியாததால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமைச் சோதனையில் மத்தியானத்துக்குள் உயிரை விட்ட போன் தானாகச் சாகவில்லை. கொன்றவன் நான். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் என் மருமகளின் முறையை இனி வரும் போன்களில் வைப்பதா, தூக்கி மூலையில் போடுவதா என்று திங்கட்கிழமை முடிவு செய்யப் போகிறீர்களாமே, அதற்குள் இது உங்கள் காதுக்கு வந்தாக வேண்டும். மூன்று வருஷம் அந்தப் பெண் பட்ட பாடு ஒரு பிஸ்கட் டப்பாவால் வீணாகக் கூடாது.

நான் முப்பத்து நாலு வருஷம் நெசவாலையில் மேஸ்திரியாக இருந்தவன். இருநூறு தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் கடைசித் தறிக்காரனுக்குக் கேட்கிற மாதிரி கத்திக் கத்தி, தொழிலாளிகள் எனக்கு வைத்த பெயர் சங்கு. ஆலைச் சங்காவது நேரத்துக்கு ஒருமுறை ஊதிவிட்டு ஓயும், நான் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் தண்ணீர் கேட்டால் மாடி வீட்டுக்காரர் செம்போடு இறங்கி வருகிறார். என் மகன் இதைச் சொல்லிக் காட்டுவான், சண்டை வரும். மருமகள் சொல்லிக் காட்டியதே இல்லை. தன் வேலை என்னவென்று நான் கேட்டபோது மட்டும் ஒரு நாள் என் குரலை உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டாள்.

“மாமா, போனுக்குள்ளயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருக்காரு. ஆம்பிளிஃபயர்னு பேரு. டவர் தூரத்துல இருந்தா கத்தணும், கிட்ட இருந்தா மெதுவா பேசணும். ஏத்து, இறக்குன்னு டவரே நொடிக்குப் பல நூறு தடவ சொல்லிக்கிட்டே இருக்கும்.”

“இறக்குன்னு சொன்னா இறக்கிட்டுப் போக வேண்டியதுதானே?” என்றேன்.

“அங்கதான் சிக்கலே. பழைய போன் என்ன பண்ணும் தெரியுமா? அடிவயித்துலேர்ந்து முழு மூச்சப் பிடிச்சுக்கிட்டு, வாயில துண்ட வெச்சுப் பொத்திக்கும். வெளிய சத்தம் கம்மிதான். ஆனா மூச்சு மொத்தமும் செலவாயிடும். பேட்டரிதான் அந்த மூச்சு. என் போன் துண்டெல்லாம் தேடாது. எவ்வளவு சத்தம் வேணுமோ அவ்வளவு மூச்சுதான் எடுக்கும்.”

ஐயா, எனக்கு மேல்படிப்பு கிடையாது. ஆனால் கத்துவது பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். மூச்சை ஒரேயடியாகக் குறைத்தால் குரல் உடைந்து வார்த்தை சிதறுமாம், சிதறியது பக்கத்து ஆட்களின் பேச்சுக்குள் வேறு போய் விழுமாம். மூச்சும் மிச்சமாக வேண்டும், வார்த்தையும் உடையக் கூடாது, அதுவும் நொடிக்குப் பல நூறு தடவை ஏறி இறங்க வேண்டும். நகம் அளவு கூட இல்லாத ஒரு சில்லுக்கு இவ்வளவு நிதானம் கற்றுக்கொடுத்தவள், எங்கள் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே இதை விளக்குகிறாள்! அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை வாய்விட்டுச் சொல்லியிருப்பேன், மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

இனி குற்றத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும், சாதாரண வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்களாம். (வீடு என்றால் அதில் மாமனார் இருப்பார் என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும்.) பழைய முறைப் போன் ஒன்று, அவள் முறைப் போன் ஒன்று, இரண்டையும் விடாமல் பேச வைத்து ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள். எது முதலில் சாகிறதோ அது தோற்றது. ஒன்றில் நீலச் சீட்டு, ஒன்றில் சிவப்புச் சீட்டு. அவள் பை நீலம், குடை நீலம், வண்டி நீலம், ஆகவே நீலச் சீட்டுதான் அவள் போன் என்று யாரையும் கேட்காமலே நான் தெரிந்துகொண்டேன்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்க ஆரம்பித்தார்கள். ஜன்னல் வழியாகப் புகைபோலத் தூசி. என் மருமகளின் போன் மேல் தூசி படுவதா? நீலச் சீட்டுப் போனை எடுத்துப் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடினேன். நசுங்கிய மூடி, நூலளவு இடைவெளி விட்டுத்தான் உட்கார்ந்தது. சிவப்புச் சீட்டுப் போன் தூசி தின்னட்டும் என்று விட்டுவிட்டேன், அதையும் மறைக்கவில்லை. பன்னிரண்டரைக்குத் திறந்தால் நீலம் இஸ்திரிப்பெட்டி மாதிரி சுட்டது, மூச்சில்லை. பழையபடி ஜன்னலில் வைத்துவிட்டு, டப்பாவையும் கழுவி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தவள் இரண்டு போனையும் பார்த்தபடி வெகு நேரம் நின்றாள். சரியாகச் சாப்பிடவும் இல்லை. மறுநாள் நைசாகக் கேட்டேன், “ஏம்மா, சும்மா கேக்கறேன், போனை டப்பாக்குள்ள போட்டா என்ன ஆகும்?”

“டவருக்கு அது பேசறது கேக்காது மாமா. இன்னும் உரக்க, இன்னும் உரக்கன்னு சொல்லும். போன் உசிரக் குடுத்துக் கத்தும். முழுசாக் கத்த வேண்டி வந்தா, அப்புறம் எந்த முறையாலயும் மிச்சம் பிடிக்க முடியாது.”

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே ஐயா, தோற்றது அவள் முறை அல்ல, என் மூளை. மறுசோதனை வையுங்கள், அன்று நான் வெளியூர் போய்விடுகிறேன். தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் நீண்ட ஆயுளும், தங்கள் போனுக்கு நாள் முழுக்கச் சார்ஜும் கிடைக்க மனதார ஆசீர்வதிக்கிறேன். இப்போது சொல்லுங்கள், நலமா?

இப்படிக்கு,
சங்கு

பின்குறிப்பு: உறைமேல் எழுத உங்கள் முகவரியைக் கேட்கப் போய் மருமகளிடம் மாட்டிக்கொண்டேன். கடிதத்தை நின்றபடியே படித்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மாமா, நீலம்தான் பழைய போன். செவப்புதான் என்னோடது!” ஆக, மேலே அவளுக்காக நான் நியாயம் கேட்ட இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அவள் போன் அமோகமாக ஜெயித்திருக்கிறது. இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது என்று புரியாமல்தான் இரண்டு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள், முடிவை உங்களுக்கு இன்னும் அனுப்பவே இல்லை.

“அப்போ ஜெயிச்சாச்சுல்ல, லெட்டரக் கிழிச்சுடவா?” என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டேன்.

“டப்பா வாங்கிக் குடுத்த ஜெயம் எனக்கெதுக்கு மாமா? அனுப்புங்க. திரும்பச் சோதனை வைக்கட்டும், என் போன் தன்னாலயே ஜெயிக்கும்.”

இருநூறு தறிச் சத்தத்துக்கு மேல் கத்திய எனக்கு அந்த நிமிஷம் குரல் எழும்பவில்லை. “சரிம்மா” என்றேன், அவ்வளவுதான். சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடிவந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“என்னங்க, உடம்புக்கு என்ன? மெதுவாப் பேசறீங்க?”