வைத்திலிங்கத்தார் வைத்த நேர்த்தி

சுருவில் ஊர் வைத்திலிங்கத்தார் தன் அறுபத்தாறாவது வயதில் ஒரு பெரிய முடிவு எடுத்தார். மனுசி மீனலோசனிக்கு மூச்சும் விடுவதில்லை. அதுதான் முடிவு.

விசயம் இதுதான். கொஞ்ச நாளாய் அவருக்குச் சலம் போவது கரைச்சல். முட்டுகிற மாதிரி இருக்கும், போய் நின்றால் வராது. வந்து கதிரையில் இருந்தால் திரும்பக் கூப்பிடும். யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினால் வேலணை தாண்டமுதல் முகம் கறுத்துவிடும். பொறுக்க ஏலாமல் ஒருநாள் களவாய் டவுனுக்குப் போய் டொக்டரிடம் காட்டினார்.

"ஐயா, சலப்பைக்குக் கீழை புரொஸ்ரேற் எண்டு ஒரு சுரப்பி இருக்கு. வயசுபோக வீங்கும். கனபேருக்கு வெறும் வீக்கம்தான். ஆனால் உங்கடை அண்ணைக்கு அதிலை புற்றுநோய் வந்தது எண்டு சொல்லுறியள். வடிவாச் சோதிச்சு, ஒண்டரை மாதத்தாலை முடிவு சொல்லுறன்" என்றார் டொக்டர். சாப்பாட்டுக்கு ஒரு கடுதாசியும் எழுதிக் கொடுத்தார். ஆட்டிறைச்சி, பொரியல் குறைக்கவேணும். தக்காளி, பூசணி, இலைவகை, பருப்பு, சிவப்பரிசி, கிழமைக்கு இரண்டு தரம் மீன். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை. "சாப்பாடு வருத்தத்தை மாத்தாது ஐயா. உடம்புக்குத் துணை நிக்கும்."

அண்ணர் தில்லைநாதன் வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தவர். சொன்னபோது டொக்டர்மாருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. செத்தவீட்டில் சனம் அண்ணரைப் பற்றிக் கதைக்கவில்லை, வருத்தம் வந்த இடத்தைப் பற்றித்தான் கதைத்தது. அதைக் காதால் கேட்ட தம்பி என்ன செய்திருக்கவேணும்? அண்ணர் செய்ததையே செய்தார்.

ஆனால் ஆட்டிறைச்சியை எப்படி விடுவது? ஞாயிறு தோறும் சயந்தன் ஆடடித்துப் பங்கு போடுவான். முதற் பங்கு வைத்திலிங்கத்தாருடையது. அவர் இறைச்சி வேண்டாம் என்றால் மீனலோசனி உடனே நெற்றியில் கை வைத்துப் பார்ப்பா. அதனால் வழியெல்லாம் யோசித்து ஒரு பொய்யைச் செய்துகொண்டு வந்தார். சேட்டைக் கழற்றிப்போட்டுக் குளித்துவிட்டு வந்தபிறகுதான் அதை எடுத்துவிட்டார்.

"இஞ்சேரும், நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிட்டன். நாப்பத்தைஞ்சு நாள் ஆட்டிறைச்சி தொடமாட்டன்."

"என்னத்துக்கு?"

"எங்கடை மகள் கிருசாந்தி லண்டனிலை வீடு வாங்கவேணும் எண்டு."

"அவள் வாங்கி மூண்டு வருசம்."

"இது... இரண்டாவது வீடு."

மீனலோசனி அவரை மேலும் கீழும் பார்த்தா. சிரிக்கவில்லை. "நல்லது. ஆனால் நேர்த்தி எண்டால் அரைகுறையா ஏலாது. மீனும் இல்லை, முட்டையும் இல்லை. முழுச் சைவம்."

"மீனிலை பிள்ளையாருக்கு என்ன கோவம்?"

"ஆட்டிலை மட்டும் என்ன கோவம்?"

அன்று பின்னேரமே மீன், இறைச்சி காய்ச்சுகிற மச்சச் சட்டி எல்லாம் குசினியை விட்டு வெளியே போய்விட்டது.

மறுநாள் தட்டில் சிவப்பரிசிச் சோறு. தக்காளிக் குழம்பு. பூசணிக்காய், முருங்கை இலை, பருப்பு. டொக்டர் எழுதினது அப்படியே வந்து இருக்கிறதே என்று மனுசன் அதிசயப்பட்டார். பொழுதுபட்டதும் தேத்தண்ணி கேட்டார்.

"விரதகாரர் பொழுதுபட்டால் தேத்தண்ணி குடிக்கப்படாது."

"எந்தச் சாத்திரத்திலை இருக்கு?"

"என்ரை சாத்திரத்திலை."

பிள்ளையாரின் கருணை என்று நினைத்துக்கொண்டார் பாவி மனுசன். மீன்தான் குறை. டொக்டர் சொன்ன மீன் அல்லவா! மண்டைதீவில் அவருடைய பழைய சிநேகிதன் யாக்கோப்பு கடலுக்குப் போகிறவன். கிழமைக்கு இரண்டு தரம், உரம் வாங்கப் போகிறேன், பாங்கில் அலுவல் என்று மோட்டார்சைக்கிளை எடுத்தால் யாக்கோப்பு வீட்டில்தான் நிற்பார். அவன் மனுசி மாக்கிறேற், தக்காளி போட்டு அவித்த மீன் வைப்பாள்.

"தங்கச்சி, இரண்டு துண்டைப் பொரிச்சுத் தாவன்."

"எண்ணெய் முடிஞ்சுது அண்ணை."

அடுத்த கிழமையும் எண்ணெய் முடிந்தது. அதற்கடுத்த கிழமை அவரே ஒரு போத்தில் நல்லெண்ணெய் கொண்டுபோனார். நாலாம் கிழமை கேட்டால், "கை வழுக்கி விழுந்து உடைஞ்சுபோச்சு அண்ணை" என்றாள். யாக்கோப்பு கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

நாள் நெருங்க நெருங்க வைத்திலிங்கத்தாருக்கு மீனும் இறங்கவில்லை. சாமி அறையில் தனியே நின்று சொன்னார்: "பிள்ளையாரே, இல்லாத நேர்த்தியை இருக்கெண்டு சொன்னனான். அதையும் மீன் திண்டு முறிச்சுப்போட்டன். முடிவிலை கை வைச்சிடாதை." அண்ணரின் கடைசி நாள் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. உலகத்தில் ஒருவருக்காவது சொல்லி அழவேணும் போல இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் குசினியில் பூசணி வெட்டிக்கொண்டிருந்தா.

நாற்பத்தைந்தாம் நாள், "பென்சன் அலுவல்" என்று சொல்லி வெளிக்கிட்டு, ஒழுங்கையெல்லாம் சுற்றிப் போய் பஸ்ஸில் ஏறினார். இரண்டாவது சீற்றில் மீனலோசனி, குடையும் கையுமாய்.

"நீர் எங்கை?"

"நீங்கள் போற இடத்துக்குத்தான். இருங்கோ."

இருந்தார். பஸ் வெளிக்கிட்டது.

"உங்கடை அண்ணை மாதிரி நீங்களும் செய்வியள் எண்டு எனக்குத் தெரியும். சேட்டுத் தோய்க்கேக்கை பொக்கற்றுக்குள்ளை டொக்டரின்ரை கடுதாசி. முதல்நாளே."

"அப்ப... ஏன் மீனை நிப்பாட்டினீர்?"

"நான் வைச்சால், உப்பில்லை, பொரிக்கேல்லை எண்டு தள்ளி வைப்பியள். களவாத் திண்டால் குறை சொல்லமாட்டியள். நாப்பது வருசமா உங்களோடை இருக்கிறன் எல்லோ?"

"அந்த எண்ணெய்ப் போத்தில்?"

"உடையேல்லை. மாக்கிறேற் தந்துவிட்டவள், எங்கடை அலுமாரிக்கை இருக்கு."

வைத்திலிங்கத்தார் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பார்த்தபடியே மெல்லச் சொன்னார், "எனக்குப் பயமாக் கிடக்கு." அவ குடையை மடியில் வைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டா. இறங்கும்வரை விடவில்லை.

டொக்டர் கடுதாசிகளைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தார். அந்த நேரம் ஒரு யுகம். "புற்றுநோய் ஒண்டும் தெரியேல்லை ஐயா. வெறும் வீக்கம்தான். குளிசை தாறன். ஆறு மாதத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்கோ."

வெளியே நீட்டு மர வாங்கில் இருந்துகொண்டு மீனலோசனி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதா. ஒன்றரை மாதமாய் அடக்கி வைத்திருந்த அழுகை. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி உம்மிடம் ஒன்றும் ஒளிக்கமாட்டேன் என்று மனதுக்குள் சத்தியமும் பண்ணினார்.

அழுகை ஓய்ந்ததும் மனுசனுக்குப் பசித்தது. போனை எடுத்தார். "தம்பி சயந்தன், ஞாயிற்றுக்கிழமை எனக்கொரு பங்கு—"

மீனலோசனி போனை வாங்கி நிப்பாட்டினா.

"ஏனப்பா? குறைக்கத்தானே டொக்டர் சொன்னவர், விடச் சொல்லேல்லையே! என்ரை நேர்த்தியும் இண்டையோடை முடிஞ்சுது."

"உங்கடை பொய் நேர்த்தி முடிஞ்சுது. நான் நயினாதீவு அம்மாளிட்டைப் போய் உண்மையா ஒண்டு வைச்சனான். முடிவு நல்லா வந்தால் என்ரை மனுசன் இறைச்சி தொடமாட்டார் எண்டு."

வைத்திலிங்கத்தார் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். அம்மாள் தன்ரை பங்கைச் செய்துபோட்டா. இனி மாற ஏலாது.

"எத்தினை நாளைக்கு?"

"அதுதான் அவசரத்திலை நாள்கணக்குச் சொல்ல மறந்துபோனன்."