கறுத்துப்போன சஞ்சீவித் தண்ணி

பசறை ரோட்டில் ஓடிய பஸ்களெல்லாம் அந்த மாதம் மேட்டுமலைத் தோட்டத்து முச்சந்தியில் நின்றே தீர வேண்டியிருந்தது. இறங்கியவர்களில் பாதிப் பேர் நொண்டிகள், மீதிப் பேர் அவர்களைத் தாங்கிக்கொண்டு வந்தவர்கள். ஆளுக்கொரு கோழி கக்கத்தில் இருந்தது. கோழிகளைத் தவிர மற்ற எல்லார் முகத்திலும் நம்பிக்கை வழிந்தது.

பழைய மாட்டுப்பட்டியில் சஞ்சீவிச் சாமி குடியேறியிருந்தார். அவரிடம் ஒரு மூலிகை. அது நமுனுகுல மலை உச்சியில் மட்டும்தான் முளைக்குமாம், அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமாம். வசதியான மூலிகை!

அதைக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைப் பித்தளைத் தாம்பாளத்தில் ஊற்றுவார். நோயாளி காலை வைப்பான். சாமி துருப்பிடித்த இரும்பு வேலால் ஒரு கலக்குக் கலக்குவார். வெளிறிய தண்ணீர் மையாகக் கறுத்துப்போகும்.

"பாத்தியா, விஷம் இறங்குது!"

சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கோழி கைமாறும்.

இருதயம்மா வீட்டுக் கோழிகளும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. அவள் புருஷன் லூக்காஸ் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி நழுவிக் கணுக்காலில் இறங்கிவிட்டது. சாமி தயவில் விஷம் வாராவாரம் இறங்கியது. கால் மட்டும் வாராவாரம் வீங்கியது.

"பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவோங்க. இன்னும் விட்டா காலையே எடுக்கணும்னு மருந்துக்கார ஐயா சொல்றாரு."

"ஊசி பட்டா மூலிகை கோவிச்சுக்குமாம். மாதாதான்டி இந்தச் சாமிய அனுப்பிருக்கு."

"மாதா எப்பங்க கோழி கேட்டுச்சு?"

லூக்காஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் வீரசிங்கத்திடம் போய் அழுதாள்.

"அந்தச் சாமி தண்ணி புண்ணுல இருக்கிற கிருமியக் கொல்லுதாக்கும்?" என்றார் அவர்.

"அப்பிடித்தாங்க சாமி சொல்றாரு."

"அவர் சொல்றத நம்பாத. நான் சொல்றதையும் நம்பாத. ஒரு வெலிமடை உருளைக்கிழங்க அவிச்சு மூணு துண்டு போடு. மூணுலயும் புண்ணுத் துணிய லேசா ஒத்து. ஒண்ணச் சும்மா விடு, ஒண்ணுல சாமி வீட்டுக்குக் குடுத்த தண்ணிய ஊத்து, ஒண்ணுல இந்த மருந்த ஊத்து. தனித்தனியா மூடி வை. அப்பறம் கையால தொடாம, கண்ணால பாரு."

சில நாளில் மூடியைத் திறந்தாள். மருந்து ஊற்றியது வைத்த மாதிரியே இருந்தது. மற்ற இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே வழவழப்பு, ஒரே நாற்றம், ஒரே பூஞ்சணம்.

லூக்காஸ் எட்டிப் பார்த்தான். அசரவில்லை.

"கிழங்குக்கு ஏதுடி பக்தி? அதான் பலிக்கல."

இதற்கு வீரசிங்கத்திடமே மருந்து கிடையாது. இருதயம்மாவுக்கு ஆத்திரம். மிச்சமிருந்த, இன்னும் கறுக்காத சஞ்சீவித் தண்ணீரை மூலையில் விசிறி ஊற்றினாள். அங்கே சாத்தியிருந்த கவ்வாத்துக் கத்தியில் கொஞ்சம் பட்டது. பட்ட இடம் கறுத்தது.

அந்தக் கறுப்பை அவளுக்குத் தெரியும். தேயிலைச் செடி வெட்டிவிட்டு வந்த நாளெல்லாம் லூக்காஸ் சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு அது.

அவள் ஒரு பிடி பச்சைத் தேயிலைக் கொழுந்தைப் போட்டுக் காய்ச்சினாள். கத்தியை விட்டுக் கலக்கினாள். சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லூக்காஸைத் தாங்கிக்கொண்டு மாட்டுப்பட்டிக்குப் போனாள். அவள் கக்கத்தில் கோழி இல்லை. தண்ணீர் ஊற்றி மூடிய ஒரு அலுமினியச் சட்டியும் கத்தியும் கிழங்கும்தான் இருந்தன.

"சாமி, இன்னைக்கு நோயாளி இவருதாங்க" என்று கிழங்கைச் சட்டித் தண்ணீரில் போட்டாள். கத்தியால் கலக்கினாள். சட்டி மையாகக் கறுத்தது.

"கிழங்குக்கு விஷம் இறங்கிருச்சு! பக்தியுள்ள கிழங்கு!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது வேற தண்ணி!" என்று சாமி கத்தினார்.

"ஆமாங்க சாமி. இது நம்ம தோட்டத்து அஞ்சாம் நம்பர் மலைத் தேயிலைக் கொழுந்த அவிச்ச தண்ணி. தேயிலைக் கறை இரும்புல பட்டா கறுக்கும். ஒங்களதுல யாரும் கால வைக்காமலே ஒருக்காக் கலக்கிக் காட்டுங்களேன்?"

சாமி வேலை மார்போடு அணைத்துக்கொண்டார். முன்வரிசையில் கொழுத்த சேவலோடு உட்கார்ந்திருந்த கங்காணி வீரய்யா எழுந்து, வேலைப் பிடுங்கித் தாம்பாளத்தில் விட்டார். கறுத்தது. சாமியின் முதுகுப்பக்கம் தொங்கிய திரையை விலக்கினார். பின்னால் சாக்குச் சாக்காகப் பச்சைக் கொழுந்து.

"அடப்பாவி! தோட்டத்துக் கொழுந்தாடா திருடுன?" என்று கொதித்தார் கங்காணி. ஏமாந்ததில் அவருக்கு அவ்வளவு கோபமில்லை.

விடிந்தால் பொழுது சாய்ந்தால் கொழுந்திலேயே கிடக்கிற சனம். ஆனால் பச்சைக் கொழுந்தை அவித்து யார் பார்த்தார்கள்? அவர்களுக்குக் கிடைப்பது தேயிலைத் தூள்தானே. சாமி தண்ணீரில் கொழுந்து வாசத்தை மறைக்கக் கற்பூர வாசம் வேறு.

லூக்காஸ் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "பதுளைக்குப் போற லொறி எப்ப வரும்?"

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பியபோது கொஞ்சம் நொண்டினான். ஆனால் நொண்டுவதற்கு இரண்டு காலும் இருந்தன.

சாமி மலையிறங்கிப் போய்விட்டார். பசறை ரோட்டில் பஸ் இன்னும் ஓடுகிறது. நிறை குறைந்தால் அரைப்பேர் போட்டு அரைநாள் கூலி ஆக்குகிற அதே கொழுந்துக்கு முழுக்கோழி கொடுத்த மகாசனங்களே, அடுத்த சாமி வந்தால் கோழியை வீட்டில் விட்டுவிட்டு மூளையைக் கொண்டுபோங்கள். போன தடவை மாற்றிக் கொண்டுபோய்விட்டீர்கள்.