வெயில் இருக்கிற வரைக்கும் ஃபேன் நிற்காது

சோலார் விற்கிறவனை மாமனார் வீட்டில் வாய் திறக்க விடக் கூடாது. நான் திறந்தேன். அந்தக் கேலி இன்னும் ஓயவில்லை.

ஜமுனாமரத்தூர் பக்கத்தில் மாமனார் வீடு. மைத்துனி செல்விக்கு அங்கே நிச்சயதார்த்தம். அந்த வாரம் வெயில் மலைக்கும் ஏறி வந்துவிட்டது. (மலையில் சில்லென்று இருக்கும் என்று நம்பிச் செங்கத்திலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார், பாவம்.) ஜெனரேட்டருக்குச் சொல்லிவிடவா என்று மாமனார் கேட்டார். மாடியில் நான்தான் பேனல் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"எதுக்கு மாமா? வெயில் இருக்கிற வரைக்கும் நம்ம வூட்டுல ஃபேன் நிக்காது."

தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து நின்றது. ஊரில் எல்லா ஃபேனும் கூலரும் ஒன்றாக ஓடியதில் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய்விட்டது. மேலே பேனல் பளபளக்கிறது. கீழே வீடு கொள்ளாத கூட்டம் வேர்த்துக் கொட்டுகிறது. கம்பெனிக்குப் போன் செய்தேன். பேட்டரி இல்லாத சோலார், லைனில் கரண்டு போனால் தானும் நின்றுவிடுமாம். பயிற்சி வகுப்பிலேயே சொன்னார்களாம். (மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்பு. நான் எங்கே கேட்டேன்?)

"வெயிலுதான் இவ்ளோ இருக்குதே, அப்புறம் இன்னா?" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. பனையோலை விசிறியால் அவருக்கு வீசினேன். ஒரு ஃபேனுக்கு வக்கில்லாத வீட்டில் என்ன சம்பந்தம் என்று அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். கதவோரம் நின்ற செல்வி என்னைப் பார்த்தாள். அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மாப்பிள்ளை முருகனுக்கு லைன்மேன் வேலை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, டிரான்ஸ்பார்மருக்கு வரும் மேல் லைனை நிறுத்தச் சொன்னார். டிரான்ஸ்பார்மர் அடியில் நின்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க சோலாரு லைனுக்குள்ள கரண்டு அனுப்புதுங்களா?"

"இல்லைங்க. அதுவும் நின்னுடுச்சு."

"நல்லதா போச்சுங்க. ஓடிக்கிட்டு இருந்தா, மேல கை வச்சதும் நான் போய்ச் சேர்ந்திருப்பேன்."

ஏறினார். ஃபேன் சுற்றியது. பெரியப்பா உட்கார்ந்தார், தட்டு மாறியது.

இப்போது முருகனுக்கு மலையிலேயே வேலை. கோடையில் கரண்டு போனால், மாமியார் முதல் விசிறியை என் கையில்தான் கொடுப்பார். கூடவே, கம்பம் ஏறுவதற்கு முன்னால் முருகனிடமிருந்து போன் வரும். "சகலை, உங்க சோலாரு நின்னுடுச்சா?" வீடே சிரிக்கும். செல்வி மட்டும், "நின்னுடுச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் சிரிப்பாள்.