மூன்று கிலோ ஆபத்து

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மீராசாஹிப்பின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு மண்டபம் உண்டு. அங்கே கல்யாணம் நடக்கும், கட்சிக் கூட்டம் நடக்கும், கராத்தே வகுப்பு நடக்கும். கடந்த மூன்று மாதமாக அங்கே ஆபத்து நிறுக்கிறார்கள்.

சரியாகத்தான் படித்தீர்கள். ஆபத்தைத்தான். தராசில் தொங்கவிட்டு, கிலோக் கணக்கில்.

நிறுப்பவர் ஸ்ரீலஸ்ரீ பயணரட்சகச் சித்தர். வெளிநாடு போகிறவர்களின் பெட்டியில், அவர்களுக்குத் தெரியாமல் ஆபத்து ஏறிக்கொள்கிறதாம். விபத்து, காய்ச்சல், களவு, பாஸ்போர்ட் தொலைவது எல்லாம் உடுப்புக்கு நடுவில் மடிந்து உட்கார்ந்திருக்கிறதாம். சித்தர் அதை நிறுத்துக் காட்டுவார். பிறகு மந்திரம் சொல்லி இறக்கிவிடுவார். மண்டப வாசலில் பேனர் தொங்குகிறது. அதில் சித்தர் வலக்கையில் சூலமும் இடக்கையில் ஒரு விமானமும் ஏந்தி நிற்கிறார். விமானத்தின் மூக்கு அவருடைய தாடிக்குள் போய்விட்டது. பைலட்டுக்கு வழி தெரியுமா என்று யாரும் கவலைப்படவில்லை.

காலை ஏழு மணிக்கே வரிசை தொடங்கிவிடும். குவைத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள், மகளைப் பார்க்கக் கனடா போகிற தாய், பாங்கொக்குக்கு உல்லாசப் பயணம் போகிற நுவரெலியாக் காய்கறி முதலாளி என்று எல்லாரும் பெட்டியும் கையுமாக நிற்பார்கள். வரிசை மாடிப்படி இறங்கி, கடையைச் சுற்றி, பஸ் நிலையம் வரை நீளும். கண்டக்டர்மார் இவர்களைப் பயணிகள் என்று நினைத்து, "கொழும்பு! கொழும்பு!" என்று பெட்டியைப் பிடுங்க வருவார்கள். ஆபத்து இறங்காத பெட்டியை எப்படி பஸ்ஸில் ஏற்றுவது? ஒரு இழுபறி நடக்கும்.

சித்தரின் முறை எளிமையானது. மண்டப நடுவில் ஆளுயர இரும்பு முக்காலி. அதில் வட்ட முகப்புள்ள ஒரு தொங்கு தராசு. அது இமயமலைக் குகையில் கிடைத்தது என்று சீடர் சொல்வார். முகப்பைப் பச்சைப் பட்டு மூடியிருக்கும். பெட்டியைக் கொக்கியில் மாட்டியதும் பட்டு விலகும். முள் ஒரு நிறையைக் காட்டும். பெட்டியை இறக்குவார்கள், பட்டு மூடும். சித்தர் தராசைக் கட்டிப் பிடித்து மந்திரம் சொல்வார். மறுபடி பெட்டியை மாட்டினால் மூன்று கிலோ குறைந்திருக்கும். யாருடைய பெட்டியானாலும் மூன்று கிலோதான். கனடாவுக்குப் போகிற ஆபத்தும் குவைத்துக்குப் போகிற ஆபத்தும் ஏன் ஒரே எடை என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. பின்னால் வரிசை நிற்கிறதல்லவா?

சும்மா கிடக்கும் தராசை மட்டும் யாரும் பார்க்கக்கூடாது. "வெறுந்தராசப் பாத்தா பயணம் வெறுமையாப் போயிரும், தாயி" என்பார் சித்தர். அதனால்தான் பட்டு.

இதோடு நின்றிருந்தால் ஏதோ ஒரு வேடிக்கை என்று விட்டிருக்கலாம். சித்தருக்கு ஒரு எதிரி இருந்தது. பயணக் காப்புறுதி.

"இன்சூரன்ஸ் எடுக்கிறதுன்னா என்ன அர்த்தம்? விபத்து வரும்னு நீயே பணங்கட்டி எழுதிக் குடுக்கிறே! வா வான்னு கூப்பிட்டா வராம இருக்குமா?" என்று மைக்கில் கேட்பார். கூட்டம் தலையாட்டும். சித்தரின் காணிக்கை காப்புறுதியை விடக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அது விபத்தைக் கூப்பிடாத பணம்.

இந்த நிலையில்தான், ஒரு சனிக்கிழமை காலை, திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு பேர் வந்து இறங்கினார்கள். இரண்டு வருடம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் பத்து நாள் தென்னிந்தியச் சுற்றுலா போகிறார்கள். மதுரை, இராமேஸ்வரம், கடைசியில் கொடைக்கானல். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் காசு கட்டிக் குளிரையும் மலையையும் பார்க்கப் போகிறார்கள். போகட்டும். சுற்றுலா என்றால் அப்படித்தான்.

அவர்களில் அக்கா தங்கை இருவர். அக்கா வேலாயி, முப்பது வருடமாகக் கொழுந்து பறிப்பவர். தங்கை பேச்சியம்மா, போன வருடம் கண்டியில் நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவர்.

பயண ஏற்பாட்டாளர் யோகேஸ்வரனும் காப்புறுதிப் படிவங்களோடு கூடவே வந்திருந்தார். பகல் ஒரு மணிக்குள் கொழும்புக்கு அனுப்பியாக வேண்டும். அவருடையதையும் சேர்த்து முப்பத்து மூன்று படிவத்தில் முப்பத்தொன்று வெறுமையாக இருந்தன. எழுதியவை வேலாயியுடையதும் யோகேஸ்வரனுடையதும்தான்.

"தம்பி, நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்க" என்றார் வேலாயி. "நெஞ்சு வருத்தத்த அதுல எழுத மாட்டேங்கிறா."

"எழுதாம விட்டா அங்க ஏதும் ஆனா ஒரு சதம் வராதுங்க. மறைச்சீங்கன்னு சொல்லிருவாங்க. எழுதுனா கொஞ்சம் கூடக் கட்டணும், ஆனா ஆஸ்பத்திரிச் செலவப் பாத்துக்குவாங்க" என்றார் யோகேஸ்வரன்.

"அப்ப இத மைக்கில சொல்லுங்க!"

யோகேஸ்வரன் மேடையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கஸ்டமர் நம்பிக்கையில நாங்க கை வைக்க ஏலாதுங்களே."

படித்த பிள்ளை. உண்மை தெரியும். ஆனால் உண்மையைக் காதோடு மட்டும்தான் சொல்வார்.

பேச்சியம்மா அக்காவின் கையை உதறினார். "நோவ எழுதிக் குடுத்தா நோவு கூடவே வருமாம். சாமியே சொல்றாரு. நீ ஏங்க்கா என்னய சாகடிக்கப் பாக்கிற?"

"போன வருசம் பொன்னையா மாமா இராமேஸ்வரத்துப் படியில விழுந்து இடுப்ப ஒடைச்சாரே. இன்சூரன்ஸ் எடுக்கல. ரெண்டு மாடும், மகளோட தோடும் போச்சு. இன்னைக்கும் கம்பு ஊண்டித்தானே நடக்கிறாரு?"

சீடரின் காதில் இது விழுந்துவிட்டது. "அவரு பெட்டிய நிறுத்தாரா? நிறுக்கல! அதான்!"

போன வருடம் இந்தத் தராசே ஹட்டனுக்கு வந்திருக்கவில்லை என்பது யாருக்கும் நினைவில்லை.

பேச்சியம்மாவின் முறை வந்தது. பெட்டி கொக்கியில் ஏறியது. பட்டு விலகியது.

"பதினாலு கிலோ!" என்று சீடர் கூவினார்.

வேலாயியின் நெற்றி சுருங்கியது. அந்தப் பெட்டியை அடுக்கியது அவர். லயத்து வீட்டிலிருந்து தார் ரோட்டு வரை தலையில் சுமந்து வந்ததும் அவர்தான். முப்பது வருடம் கொழுந்துக் கூடை கட்டிய தலை அது. அரைக் கிலோ கூடினாலும் அந்தத் தலைக்குத் தெரியும். பெட்டி பதினொரு கிலோ. அதற்கு மேல் ஒரு குண்டூசி கிடையாது.

பெட்டி இறங்கியது. பட்டு மூடியது. சித்தர் தராசைக் கட்டிப் பிடித்தார். எல்லாரும் அவருடைய உதட்டைப் பார்த்தார்கள். வேலாயி அவருடைய வலக்கையைப் பார்த்தார். அது பட்டுக்குப் பின்னால் போய், எதையோ திருகிவிட்டுத் திரும்பி வந்தது.

மறுபடி பெட்டி ஏறியது. "பதினொண்ணு! மூணு கிலோ ஆபத்து எறங்கிருச்சு!"

பேச்சியம்மா விம்மினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியது. பெட்டி இறங்கிப் பட்டு மூடியதும் சித்தர் மறுபடி தராசைத் தழுவினார். கை மறுபடி பின்னால் போய் வந்தது. "அடுத்த பெட்டி வரலாம்."

"கொஞ்சம் இருங்க சாமி" என்றார் வேலாயி. "அந்தப் பட்ட எடுங்க. வெறும் முள்ளக் காட்டுங்க."

மண்டபம் வெடித்தது.

"வாய மூடு வேலாயி!"

"சாமிக்கிட்ட இப்பிடியா பேசுறது?"

சித்தர் கண்ணை உருட்டினார். "தாயி, வெறுந்தராசு பாவம்!"

வேலாயி அவரை விட்டுவிட்டு, தன் தோட்டத்துப் பெண்களைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏண்டி, மடுவத்துல கொழுந்து நிறுக்கயில என்ன செய்வோம்? வெறும் முள்ளு பூச்சியத்துல நிக்குதான்னு பாக்காம என்னைக்காவது கூடையக் குடுத்திருக்கோமா? ரெண்டு கிலோ கொறஞ்சா அரைப்பேரு போட்டு, பாதிச் சம்பளத்தோட அனுப்பிருவானேன்னு, அன்னைக்குக் கணக்கப்புள்ளய மறிச்சு ரெண்டு நாள் வேலைக்குப் போகாம நின்னோமே! தொரையே எறங்கி வந்து முள்ளக் காட்டலயா? தொரை காட்டுன முள்ள இந்தச் சாமி காட்ட மாட்டாரா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலம் முழுக்கத் தராசுக்காரனைச் சந்தேகித்தே வாழ்ந்தவர்கள். கணக்கப்பிள்ளையின் பெருவிரல் எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று கண்கொத்திப் பாம்பாய்ப் பார்ப்பவர்கள். ஒரு காவித் துண்டைக் கண்டதும் அத்தனை புத்தியையும் செருப்போடு சேர்த்து மாடிப்படியில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். இப்போது அது ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தது.

"அதானே..." என்றது ஒரு குரல்.

"முள்ளக் காட்டுங்க சாமி" என்றது இன்னொரு குரல்.

அடுத்த நிமிடம் இருபது தொண்டைகள், மடுவத்தில் கத்துவது போலவே கத்தின. "முள்ளக் காட்டு! முள்ளக் காட்டு!"

சீடர் தடுக்கப் போனார். வேலாயி ஒரே இழுப்பில் பட்டை உருவினார்.

கொக்கியில் எதுவும் இல்லை. முள் மூன்றில் நின்றது.

சித்தர் லேசுப்பட்டவரல்ல. ஒரு நொடியில் சமாளித்தார். "பாத்தீங்களா! இந்தப் பாவியோட சந்தேகம் தராசுல ஏறிருச்சு! இது இந்த மண்டபத்து ஆபத்து!"

சிலர் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்படியும் சிலர் எப்போதும் இருப்பார்கள்.

"அப்பிடியா?" என்றார் வேலாயி. மாடிப்படியை எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மீராசாஹிப் நானா! அஞ்சு கிலோ அரிசிப் பாக்கெட் ஒண்ணு, சீல் ஒடைக்காதது, கொண்டு வாங்க!"

சத்தம் கேட்டு ஏற்கெனவே பாதிப் படி ஏறியிருந்த மீராசாஹிப், திரும்பிப் போய்ப் பாக்கெட்டோடு வந்தார். அதைக் கொக்கியில் மாட்டினார்கள். முள் எட்டில் நின்றது.

"நானா, ஒங்க அரிசி எந்த நாட்டுக்குப் போகுது?"

"எந்த நாடு புள்ள? கீழ இருந்து மேல வந்திரிக்கி. அவ்வளவுதான்."

"மாடி ஏறுறதுக்கே மூணு கிலோ ஆபத்தா?"

சிரிப்பு தொடங்கியது. வேலாயி தராசுக்குப் பின்னால் கைவிட்டார். முள்ளைச் சரிபார்க்கும் சின்னத் திருகாணி அங்கே இருந்தது. எல்லாத் தொங்கு தராசிலும் இருப்பதுதான். அதை மெல்லத் திருகினார். எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. மந்திரம் இல்லை, பட்டு இல்லை. ஆபத்து இறங்கிவிட்டது.

"இன்னுங் கொஞ்சம் எறக்கவா?" இன்னும் திருகினார். முள் இரண்டுக்கு வந்தது. "இந்தா நானா, மூணு கிலோ அரிசியயே காணோம். ஒங்க கடைக்கு இந்தச் சாமி ஆகாது!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. யாரோ தராசைத் திருப்பினார்கள். பின்புறத்தில், சுரண்டியும் போகாத, ஏதோ தேயிலைத் தோட்டத்தின் வெள்ளைப் பெயின்ற் எழுத்து: 'லோவர் டிவிஷன் - 2'. இமயமலையிலும் தோட்டத்தை டிவிஷன் டிவிஷனாகப் பிரித்திருக்கிறார்கள் போலும்.

சித்தருக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. பின்படியால் இறங்கினார். காணிக்கைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சீடர் அவருக்கும் முன்னால் இறங்கினார். காய்கறி முதலாளி, பாங்கொக் பெட்டியை எறிந்துவிட்டு அவர்களைத் துரத்தினார். தராசு மட்டும் அனாதையாகத் தொங்கியது.

இத்தோடு எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "இவரு கள்ளன்தான். கொத்மலையில ஒருத்தர் இருக்காராம். அவருக்கிட்ட டிஜிட்டல் தராசாம். அதுல ஏமாத்த ஏலாதாம்."

மணி பன்னிரண்டே முக்கால். யோகேஸ்வரனுக்கு இப்போது குரல் வந்திருந்தது. "ஃபோம் நிரப்பாதவங்க வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். படிவங்கள் பறந்தன. பேச்சியம்மா மட்டும் பேனாவைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நோய் விவரம் என்ற கட்டத்துக்கு மேலே கை நின்றுவிட்டது. மஞ்சள் கயிறு இன்னும் மணிக்கட்டில் இருந்தது.

"அக்கா, சாமி பொய்யின்னே இருக்கட்டும். ஆனா எழுதுனா வந்துருமோன்னு பயமா இருக்கு."

வேலாயி பக்கத்தில் உட்கார்ந்தார். "தோட்டத்து மரணசகாய சங்கத்துக்கு எத்தன வருசமாக் காசு கட்டுற?"

"இருவது வருசம் இருக்கும்."

"மாசாமாசம் சாவுக்குன்னு பேரு எழுதிக் கட்டுறியே, செத்தியா?"

பேச்சியம்மா அக்காவை முறைத்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துப் போட்டார். கட்டத்துக்குள், கொட்டை எழுத்தில், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததையும், வைத்த மாதத்தையும், குடிக்கிற மூன்று மாத்திரையின் பெயரையும் எழுதினார். யோகேஸ்வரன் அதை வாங்கிக்கொண்டு ஓடினார்.

கொத்மலைக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போகிற அன்பர்களே, போய் வாருங்கள். ஆனால் நாளைக்கு அறிமுகமில்லாத ஊரில் ஏதாவது ஆகி, ஆஸ்பத்திரிக் கவுண்டரில் உங்கள் இன்சூரன்ஸ் கடுதாசியைக் கேட்கும்போது, "எங்க ஊருச் சாமி மூணு கிலோவ எறக்கிட்டாரு" என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் சிரிக்கக்கூட மாட்டார்கள். அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள். யோசிப்பதற்கு எந்த நாட்டிலும் விசா கேட்பதில்லை.